பின்பக்கமாக ஏறிய படிக்கட்டு

படிக்கட்டு டீச்சர் பாடம் நடத்துகிறாள் என்றால் அந்தப் பள்ளியின் சுவர்க் கடிகாரம்கூட ஒரு நொடி நின்று, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி நகரும். நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். கடிகாரம் இன்றைக்கும் தாமதமாகத்தான் ஓடுகிறது.

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் அவள். கணவருக்குத் தையல் கடை. கடையில் மிஞ்சும் வெட்டுத்துணியெல்லாம் அவளுடைய வகுப்பில் பரப்பளவுப் பாடமாகிவிடும். கோணம் என்றால் வகுப்பறைக் கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டுவாள். அந்த ஆண்டு கீலையே மாற்ற வேண்டியதாயிற்று. காலையில் மேஜைமேல் ஒரு புதிர் காத்திருக்கும். ஒருநாள் ஆறு தீக்குச்சிகளையும் ஒட்டக் கொஞ்சம் களிமண்ணையும் போட்டு, ஒடிக்காமல், குறுக்கே போடாமல் நான்கு சம முக்கோணம் செய்யச் சொன்னாள். வகுப்பே தலையைப் பிய்த்துக்கொண்டது. கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒருத்தி இருந்தாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பட்டம் மௌனசாமி. அவள் எழுந்து வந்தாள். மூன்று குச்சிகளை முக்கோணமாகப் படுக்க வைத்தாள், மற்ற மூன்றையும் நிமிர்த்தி உச்சியில் களிமண்ணால் ஒட்டினாள், குட்டிக் கூடாரம் ஒன்று எழும்பியது. போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து டீச்சருக்கு அவள்மேல் ஒரு கண்.

இப்படியெல்லாம் நடத்துவதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. சிறுமியாக இருந்தபோது டீச்சர் தன் கணக்கு வாத்தியாரிடம், மைனஸ் எண்ணைக் கழித்தால் அது கூட்டலாவது ஏன் என்று கேட்டாள். விதி என்றார் அவர். அந்த விதியை எழுதியவர் யார் என்று அடுத்த கேள்வி போட்டாள். மதியம் முழுக்க பெஞ்சின்மேல் நின்றாள். அந்த உயரத்திலிருந்து ஜன்னல் வழியே மாடிப்படி தெரிந்தது. ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் பார்த்துப் பார்த்து விடையைத் தானே பிடித்துவிட்டாள். தண்டனையிலும் லாபம் பார்த்த கெட்டிக்காரி.

அந்த விடைதான் இப்போது பாடம். பள்ளி மாடிப்படியின் நடுத்திருப்பம் பூஜ்யம். மேலே போகும் படிகள் ஒன்று, இரண்டு, மூன்று. கீழே போகும் படிகள் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. கூட்ட வேண்டுமா, மேலே பார்த்து நில். கழிக்க வேண்டுமா, கீழே பார்த்து நில். சாதாரண எண் வந்தால் முன்னால் நட, மைனஸ் எண் வந்தால் பின்னால் நட. மூன்றிலிருந்து மைனஸ் இரண்டைக் கழிக்கச் சொன்னால், மூன்றாம் படியில் கீழே பார்த்து நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி பின்பக்கமாக இரண்டு படி வைக்க வேண்டும். போய்ச் சேருகிற இடம் ஐந்தாம் படி. அதைக் கண்ட பிள்ளைகளின் கண்கள் ஒளிர்ந்த ஒளியில், அன்று மாடிப்படிக்கு விளக்கே தேவைப்படவில்லை.

எல்லாம் அரையாண்டுத் தேர்வு வரும்வரைதான். கணக்குத் தேர்வுக்குக் கண்காணிப்பாளராக வந்தவர் வரலாற்று ஆசிரியர். குண்டூசி விழுந்தாலும் அதன் பரம்பரையை விசாரிப்பவர். முதல் கேள்வியே மைனஸ் எண்கள். பிள்ளைகள் படித்தார்கள், வகுப்பு மொத்தமும் எழுந்தது. ஒருவன் பெஞ்சுகளுக்கு நடுவே முன்னால் நடந்தான், ஒருத்தி திரும்பி நின்று பின்னால் நடந்தாள், இன்னொருவன் பின்பக்கமாகவே வந்து வரலாற்று ஆசிரியரின் மடியில் பொத்தென்று உட்கார்ந்தான். காலால் கற்ற கணக்கை உட்கார்ந்தும் போடலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டீச்சர் விட்ட கோட்டை அது.

விடைத்தாள்கள் பிடுங்கப்பட்டன. வகுப்புக்கே பூஜ்யம். தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்ன டீச்சர், பரீட்சை நடத்தினீங்களா, அணிவகுப்பு நடத்தினீங்களா?"

யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, அவரவர் கணக்கை அவரவர் நடந்தார்கள் என்று அவள் வாதாடினாள். வரலாற்று ஆசிரியர் தன் மடியைத் தடவிக்கொண்டார். கடைசியில் தலைமையாசிரியர் மனம் இறங்கியது, ஆனால் முழுசாக இல்லை. திங்கட்கிழமை மறுதேர்வு. திருத்துபவர் வரலாற்று ஆசிரியர். வகுப்பு தேறாவிட்டால் பூஜ்யம் பூஜ்யம்தான். அதோடு ஏழாம் வகுப்புக் கணக்கும் அவள் கையைவிட்டுப் போய், விதியை ஒப்பிக்கச் சொல்லும் வேறு ஒருவரிடம் சேரும்.

"ஒண்ணு சொல்லிட்டேன்," என்றார். "எந்திரிச்சா பேப்பர் போச்சு."

மாலையில் அவள் தையல் கடைக்குள் நுழைந்தபோது முகம் முழ நீளம் தொங்கியது. கணவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"என்னம்மா, உன்னை யாரு கழிச்சது?"

அவள் கொட்டித் தீர்த்தாள். தலைமையாசிரியரின் கால்சட்டைத் துணி தன்னிடம்தான் இருக்கிறது, ஒரு காலைக் குட்டையாகத் தைத்துவிடட்டுமா என்று அவர் ஆறுதல் சொன்னார். அவள் காதில் விழவில்லை. அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு நாடா பிடரியிலிருந்து வலது பக்கம் கொஞ்சம், இடது பக்கம் கொஞ்சம் தொங்கியது.

"ஏங்க, அசையாதீங்க."

பிடரி பூஜ்யம். அவளுடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டு குட்டிக் கால்களாகி நாடாவில் இறங்கின. மணிக்கட்டு திரும்பியது, விரல்கள் பின்பக்கமாக நடந்தன. அளவு கொடுக்க வந்தவர் பார்க்கிறார் என்று கணவர் நெளிந்தார். "பாக்கட்டும், கணக்குதானே போடறேன்," என்று சொல்லி நாடாவை உருவிக்கொண்டு கிளம்பினாள். தான் எதை வைத்து அளப்பது என்று அவர் கேட்டபோது அவள் தெருமுனையைத் தாண்டியிருந்தாள்.

அதன்பின் வகுப்பில் ஒரே பயிற்சிதான். முதலில் படியில் கால் நடக்கும், உடனே அதே கணக்கைப் பெஞ்சு விளிம்பில் விரல் நடக்கும். காலைக் கட்டிப் போடு, விரலை அவிழ்த்து விடு என்பது அவளுடைய மந்திரம். பிள்ளைகள் தூக்கத்திலும் தலையணைமேல் விரல் நடந்தார்கள் என்று தாய்மார்கள் சொன்னார்கள். ஒரு பிள்ளையின் விரல் அப்பாவின் மூக்குவரை ஏறிவிட்டதாம்.

திங்கட்கிழமை வந்தது. டீச்சருக்கு அறைக்குள் அனுமதி இல்லை. வராந்தாத் தூணோடு தூணாக நின்றாள். உள்ளே ஒரு கை எழுத, மறு கை பெஞ்சு விளிம்பில் நடந்தது. நடுவில் ஒருவன் பாதி எழுந்தான். அவளுக்கு உயிர் பாதி போயிற்று. அவன் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தான். போன உயிர் திரும்பியது. வரலாற்று ஆசிரியர் விரல்களைக் கண்டார், பியூனை அனுப்பித் தலைமையாசிரியரை வரவழைத்தார்.

"விரல் நடக்குது சார்."

"ஆள் எந்திரிச்சாங்களா?"

"இல்ல."

"அப்ப நடக்கட்டும்."

அன்று மாலை திருத்த உட்கார்ந்த வரலாற்று ஆசிரியர் தப்பு தேடித் தேடிக் கண் பூத்துப்போனார். சரி, சரி என்று போட்டே அவருடைய சிவப்புப் பேனா உயிரை விட்டது. வகுப்பு முழுக்கத் தேர்ச்சி. மௌனசாமிக்கு முழு மதிப்பெண்.

மறுநாள் தலைமையாசிரியர் விடைத்தாள்களோடு வகுப்புக்கு வந்து, டீச்சரின் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். விடை வந்துவிட்டது, காரணம் தெரியுமா என்பது அவர் சந்தேகம். மௌனசாமியைப் பார்த்துக் கேட்டார்: மைனஸைக் கழித்தால் கூட்டலாவது ஏன்? விதி என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாராம்.

டீச்சர் தன் முந்தானையை முறுக்கினாள். சொல்லிக்கொடுக்க நாக்கு துறுதுறுத்தது, கடித்துக்கொண்டாள். கடைசியில் அந்தப் பெண் எழுந்து, அந்த வகுப்பில் தன் முதல் வாக்கியத்தைப் பேசினாள்.

"எந்திரிங்க சார்."

தலைமையாசிரியர் எழுந்தார். அவள் முன்னே போக, அவர் பின்னே போக, பிள்ளைப் பட்டாளம் தொடர்ந்தது. மாடிப்படியில் மூன்றாம் படியில் அவரை நிறுத்தினாள்.

"கழிக்கணும், அதனால கீழ பாருங்க. மைனஸ் ரெண்டு, அதனால பின்னால போங்க. கைப்பிடிய விட்றாதீங்க."

ஒரு படி. இன்னொரு படி. அவர் தன் காலடியைக் குனிந்து பார்த்தார். வழுக்கைத் தலை மெல்லச் சிவந்தது.

"அஞ்சு," என்றார், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. "இத்தனை வயசுவரைக்கும் எனக்கு இதை யாருமே சொல்லலையே."

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. இன்னொரு கணக்கு கேட்டார், இன்னொன்று கேட்டார், பின்பக்கமாகவே மொட்டைமாடிவரை ஏறிவிட்டார். வரலாற்று ஆசிரியர் போய்த்தான் கையைப் பிடித்து இறக்கினார். அந்த வாரமே பெயிண்டர் வந்து படிகளுக்கு எண் எழுதினான். இப்போது அங்கே யாரும் மாடி, கீழ்த்தளம் என்று பேசுவதில்லை. அலுவலகம் எங்கே என்று கேட்டால், மைனஸ் எட்டுக்குக் கீழே என்று பியூன்கூடச் சொல்கிறார்.

தலைமையாசிரியர் படி ஏறிய அன்று மாலை டீச்சர் நாடாவைத் திருப்பிக் கொடுக்கத் தையல் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். கணவர் தலைமையாசிரியரின் துணியை விரித்து வைத்திருந்தார்.

"அப்ப ரெண்டு காலையும் சமமாவே வெச்சுடட்டுமா?"

"கொஞ்சம் தாராளமாவே வைங்க," என்றாள். "மனுஷன் நிறையப் படி ஏறுவாரு."