அல்கோல் மங்கிய சனிக்கிழமை

நேற்று ரவாங் நகரத்து வீட்டில் கொசுவர்த்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது போன் ‘டிங்’ என்றது. இரவு ஒரு மணிக்கு அல்கோல் நட்சத்திரம் மங்குமாம்; மகள் போட்டுக்கொடுத்த ஆப் சொன்னது. அந்தப் புகையும் அந்தப் பெயரும் சேர்ந்து வந்தால் எனக்குத் தாங்காது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அல்கோல் பார்வைக்கு ஒன்று. உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு. மங்கலானது முன்னால் வந்து மறைத்தால் வெளிச்சம் குறையும். ஒரு சுற்றுக்கு இரண்டு நாள், இருபது மணி, நாற்பத்தொன்பது நிமிடம். ஒருமுறை மங்கிய நேரத்தைக் குறித்துவிட்டால் அப்புறம் கூட்டிக்கொண்டே போகவேண்டியதுதான். தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்த அந்த நாள்களில் என் பஞ்ச் கார்டின் பின்புறமெல்லாம் இந்தக் கூட்டல்தான். எல்லாரும் கேலி செய்தார்கள். ஆபீஸில் இருந்த செலின் மட்டும் உட்கார்ந்து கேட்டாள்.

அவள் வீடு அசாம் ஜாவா பக்கத்து எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது.

“வீட்டுக்கு வந்து காட்டுங்க லா. அப்படியே நம்ம விஷயத்த அம்மாகிட்ட பேசுங்க. பேசினா நான் போகல.”

கணக்குப் போட்டு, ‘ஞாயிறு, விடியற்காலை 1 மணி’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறு இரவு பத்து மணிக்கே மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். புதுச்சட்டை வேறு. செம்பனை மரங்களுக்கு மேலே அல்கோல் பளிச்சென்று இருந்தது. அந்நேரம் மங்கத் தொடங்கியிருக்க வேண்டும். வாசல்படியில் கொசுவர்த்திச் சாம்பல், மூன்று வளையம்.

அவள் அம்மா வெளியே வந்தார். “நேத்து ஏன் வரல தம்பி? மூணு மணி வரைக்கும் செலின் வாசல்லயே நின்னுச்சு. இன்னிக்கு சாயங்காலம் சிங்கப்பூருக்கு பஸ் ஏறிடுச்சு.”

அப்போதுதான் உறைத்தது. கணக்குப் போட்டது காலண்டர் தேதியில்; எழுதியதை நான் படித்தது ஷிஃப்ட் பழக்கத்தில். சனி இரவு ஷிஃப்டுக்குள் போனவனுக்கு விடியும்வரை சனிதான். ஞாயிறு ஒரு மணி என்றால் ஞாயிறு ராத்திரி உள்ளே போனபின் வரும் ஒரு மணி. காலண்டர் பார்த்து வேலை செய்யும் செலினுக்கு அது முந்தின இரவே, சனி நள்ளிரவு தாண்டியதுமே வந்துவிட்டது.

“மங்கிச்சாம்மா?” என்று கேட்டேன்.

“மங்கிச்சாம். உங்க கணக்கு சரின்னு சொல்லச் சொல்லிச்சு.”

வெட்கத்தில் மூன்று மாதம் தள்ளிப்போட்டுத்தான் கடிதம் எழுதினேன். அதற்குள் அவளுக்கு அங்கே நிச்சயமாகியிருந்தது.

அந்த லயமும் இல்லை, செம்பனையும் இல்லை. இப்போது வரிசையாக வீடுகள், தெருவிளக்குகள். ரவாங்கில் கேட்கவே வேண்டாம். நேற்று ஆப் சொன்ன நேரத்துக்கு மாடியில் ஏறிப் பார்த்தேன். வானம் வெளிறிக் கிடந்தது, அல்கோலைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இருந்தாலும் மூன்று மணி வரைக்கும் நின்றேன்.