ஊருக்கெல்லாம் ஓட்டு, எனக்கு டூட்டி

தேர்தல் வேலை பார்க்கும் டீச்சரைப் பற்றி ஊரில் இரண்டே புகார்தான் உண்டு: வீட்டுக்கு வந்தால் "மறுபடியும் வந்துட்டாங்களா?", வராவிட்டால் "எங்க வீட்டுக்கு மட்டும் யாருமே வரலையே!"

புனேயில் ஹடப்சர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். தொண்ணூறுகளில் தொடங்கி ஓய்வு பெறும்வரை, கணக்குப் பாடம் போக மிச்ச நேரத்தில் வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தேன், நீக்கினேன், திருத்தினேன். தேர்தலன்று சாவடியில் உட்கார்ந்து ஊரார் விரலுக்கெல்லாம் மை வைத்தேன். ஆனால் மாநகராட்சித் தேர்தலில் நான் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. என் பெயர் இருப்பது ஹடப்சர் வார்டில். அன்றைக்கு எனக்கு வேலை ஊரின் இன்னொரு கோடியில். தபால் ஓட்டு என்று ஒன்று உண்டுதான். பயிற்சி வகுப்பு, பெட்டி வாங்கும் வரிசை, பஸ் பிடிக்கும் ஓட்டம், இத்தனைக்கும் நடுவில் அதற்கு எழுதிப் போட்டு வாங்குகிற சாமர்த்தியம் எனக்கு வரவில்லை. டில்லிக்கும் மும்பைக்கும் ஆள் அனுப்புகிற தேர்தல்களில் தபால் ஓட்டைப் பயிற்சி வகுப்பிலேயே கையில் கொடுத்துவிடுவார்கள், அதனால் மையில்லாமல் ஓட்டுப் போட்டிருக்கிறேன். என் வாசல் சாக்கடைக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆளைத் தேர்ந்தெடுக்க மட்டும் கொடுத்து வைக்கவில்லை. கல்யாண வீட்டில் பரிமாறிப் பரிமாறியே பசியோடு வீடு திரும்பியவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வீடு, மூன்று குடும்பம்

என்னோடு வீடு வீடாக வந்தவர் ஷிந்தே பாயி. இங்கே டீச்சரை 'பாயி' என்பார்கள். மராத்தி டீச்சர், நல்ல மனுஷி, ஆனால் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். படிவத்தில் முதல் கட்டம் 'ஆட்நாவ்', அதாவது குடும்பப் பெயர். மராத்திக்காரர்களுக்கு அது பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருவது. நமக்கு ஏது? லேத் பட்டறையில் வேலை செய்யும் முருகேசன் வீட்டுக்குப் போனோம். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். முருகேசனின் அப்பா பெயர் அங்கமுத்து என்பதால் அவருக்கு ஆட்நாவ் அங்கமுத்து. மனைவிக்கும் மகனுக்கும் முருகேசன். கூடவே இருக்கும் மைத்துனருக்கு அவருடைய அப்பா பெயர், சின்னப்பன். ஷிந்தே பாயி பேனாவை நிறுத்திவிட்டு, "ஒரே அறையில் மூன்று குடும்பமா? யார் யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள்?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

நான் மராத்தியில் விளக்கினேன். எங்கள் ஊரில் அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும், ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும் என்றேன். அவருக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பரிதாபமே வந்துவிட்டது. "ஏதாவது ஒன்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்றார். அதை அப்படியே முருகேசனிடம் தமிழில் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட அசரவில்லை.

"இன்னா டீச்சர், பட்டறையில இத்தினி வருசமா ஆட்நாவ் இல்லாமத்தான் சம்பளம் வாங்கறேன். அவங்களுக்குப் புடிச்சதா ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

புருஷன் பெயரைச் சொல்ல ஒரு வழி

அதே சந்தில் நாலு வீடு தள்ளி முனியம்மா. புருஷன் வேலைக்குப் போயிருந்தார். பெண்களுக்குப் புருஷன் பெயர் எழுதியாக வேண்டும். முனியம்மாவிடம் கேட்டேன். "கட்டினவர் பேரை எப்படி டீச்சர் சொல்றது?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரேஷன் கார்டைக் கேட்டேன். அது அவர் சட்டைப் பையில் இருந்தது. பக்கத்து வீட்டில் கேட்கலாமென்றால் பூட்டு. ஷிந்தே பாயிக்கு விஷயம் புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இதற்குத்தான் எங்களிடம் உகாணா இருக்கிறதே!" என்றார். மராத்திப் பெண்களும் புருஷன் பெயரைச் சும்மா சொல்ல மாட்டார்கள். கல்யாணத்தில், மஞ்சள் குங்குமம் கொடுக்கும் விசேஷத்தில், ஒரு சின்னப் பாட்டுக்குள் வைத்துச் சொல்வார்கள். அதுதான் உகாணா.

முனியம்மா எழுந்து நின்றாள். தலையில் முக்காட்டைச் சரிசெய்து, கண்ணை மூடி, சுத்த மராத்தியில் ராகமாக எடுத்து விட்டாள்: துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன், வாசலில் கோலம் போட்டேன், பாயி வந்து கேட்டதாலே ஏழுமலை பெயரைச் சொன்னேன். ஷிந்தே பாயி கை தட்டினார். நான் படிவத்தில் ஏழுமலை என்று எழுதிவிட்டு, "இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"தமிழ்ல சொன்னாத்தான் டீச்சர் தோசம். மராத்தியில எல்லாப் பொம்பளைங்களும் சொல்றாங்க, அவங்க புருசனெல்லாம் நல்லாத்தானே இருக்கான்?"

கோயம்புத்தூர் தம்பியின் இரண்டு நாக்கு

இரண்டாயிரமாவது வருஷம் வந்ததும் என்னைக் கோந்த்வா பக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்தவர் கோயம்புத்தூர் தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நான் தமிழ் பேசியதும் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டார். குழாயில் தண்ணீர் வரவில்லை, லாரித் தண்ணீர்தான், கார்ப்பரேட்டரை, அதாவது வார்டு கவுன்சிலரைப் பிடித்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று பொரிந்து தள்ளினார். "கேளுங்கள், முதலில் பெயரைச் சேருங்கள்" என்று படிவத்தை நீட்டினேன். மாநகராட்சிக்கென்று தனிப் பட்டியல் கிடையாது, சட்டசபைப் பட்டியலில் இருப்பவர்களைத்தான் வார்டு வாரியாகப் பிரிப்பார்கள், அதற்கும் ஒரு கடைசித் தேதி உண்டு, ஓட்டு அன்றைக்கு வந்து நின்றால் ஒன்றும் நடக்காது என்று எல்லாவற்றையும் பாடமாக நடத்தினேன்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கோவைப் பட்டியலில் பெயரை எடுக்க எழுதிக் கொடுக்க வேண்டும், ஒருவருக்கு ஒரே இடத்தில்தான் ஓட்டு என்றதும் பேனா நின்றது. உள்ளே போய் மனைவியிடம் பேசினார். ஊருக்கு போன் போட்டு அப்பாவிடம் பேசினார். திரும்பி வந்து, பெண் கொடுக்கத் தயங்குகிற சம்பந்தி மாதிரி என் முன்னால் உட்கார்ந்தார்.

"ஏனுங்க மேடம், தண்ணி வேணும்னா இங்க ஓட்டு வேணுமுங்க. ஆனா அங்க நிக்கறது எங்க மாமனோட கூட்டாளிங்க. ரெண்டையும் வெச்சுக்கற மாதிரி ஏதாச்சும் ஸ்கீம் இருக்குங்களா?"

மூன்று ஓட்டு

ஒரு மாநகராட்சித் தேர்தலில் வார்டுக்கு மூன்று பேர் என்று வைத்தார்கள். ஆளுக்கு மூன்று ஓட்டு. பெரியவர் ஒருவர் ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் கிளம்பினார். "இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது" என்று தடுத்தேன். "ஒருத்தரைப் போட்டாலே ஐந்து வருஷம் தேடிக்கொண்டு அலைகிறேன் பாயி, மூன்று பேரை இந்த வயதில் என்னால் தேட முடியாது" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். போடாமல் கிடந்த அந்த இரண்டு ஓட்டையும் நினைத்து எனக்கு வயிறு எரிந்தது. வேண்டாதவருக்கு மூன்று, ஏங்குகிறவளுக்கு ஒன்றுமில்லை!

அன்று பெட்டியை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினால், என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மை வைத்த விரலால் தினசரியின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் பார்க்க வேண்டும் என்றே மெதுவாகப் புரட்டினார். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. பாவம், அவர் பயந்துபோய்ப் பேப்பரை மடித்து வைத்தார்.

"சரி விடு. ரிடையர் ஆனதும் முதல் ஆளா உன்னை நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் இந்த விரலை உன் விரல்னு நெனச்சுக்கோ."

எல்லோரும் ஒற்றுமையாகிவிட்டார்கள்

ஓய்வு பெற்றேன். தளேகாவ் போகிற வழியில் ஒரு கிராமத்தின் ஓரத்தில் புதிதாகக் கட்டிய பிளாட்டில் குடியேறினோம். பால்காரரைத் தேடுவதற்கு முன்னால் பழைய இடத்தில் பெயரை நீக்கவும் புதிய இடத்தில் சேர்க்கவும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷமே கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் பெண்களுக்கு ஒதுக்கிய இடம். எனக்கு டூட்டி இல்லை, உத்தரவு இல்லை, பெட்டி இல்லை. ஓட்டுக்கென்றே ஒரு மாம்பழக் கலர் காட்டன் புடவை எடுத்தேன். "தேர்தலுக்கா, நிச்சயதார்த்தத்துக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெருமை உண்டு. தேர்தல் என்று வந்தால் சண்டை வரும், அண்ணன் தம்பி பேச்சு நிற்கும் என்று, கோயிலில் கூடிப் பேசி ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே ஆளை நிறுத்திவிடுவார்கள். எதிர்த்து ஆளே இருக்காது. 'பின்விரோத்' என்பார்கள், போட்டியில்லாமல் என்று அர்த்தம். எங்கள் வார்டுக்கு சுனிதா தாயி என்று முடிவாகியிருந்தது. இங்கே அக்காவைத் தாயி என்பார்கள். சுனிதா தாயி பால் பண்ணை நடத்துகிறவர், கெட்டிக்காரி. எங்கள் கட்டடத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததே அவர் போட்ட சத்தத்தால்தான். எனக்கும் அவரைத்தான் பிடிக்கும். ஊர்ப் பெரியவரான பாட்டீல் காகா, அதாவது பாட்டீல் சித்தப்பா, பேடா டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் பல வருஷ ஆசைக்குத் தன் கையாலேயே இனிப்போடு முற்றுப்புள்ளி வைத்தார்.

"இனிப்பு எடுங்க தாயி! இந்த வாட்டி யாருக்கும் அலைச்சல் இல்ல. ஓட்டே கிடையாது!"

ஓட்டுக்காக ஒரு வேட்பாளர்

மறுநாள்தான் வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள். இரவெல்லாம் புரண்டுவிட்டு, காலையில் மாம்பழப் புடவையைக் கட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போய் என் பெயரைக் கொடுத்துவிட்டேன். எதிரே ஒருத்தி நின்றால்தானே தேர்தல் நடக்கும்? வேறு யாரும் நிற்கப் போவதில்லை என்றால் நானே நிற்கிறேன். சாயங்காலமே எங்கள் வீட்டுக் கூடம் நிறைந்துவிட்டது. பாட்டீல் காகா முகம் தொங்கிப் போயிருந்தது. ஊர் ஒற்றுமை போயிற்று என்றார் ஒருவர். மெட்ராஸ்காரர்கள் வந்ததுமே இப்படித்தான் என்றார் இன்னொருவர். வாபஸ் வாங்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். நான் உள்ளதைச் சொன்னேன்: "எனக்கு ஜெயிக்க வேண்டாம் காகா. ஓட்டுப் போட வேண்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்கு மை வைத்துவிட்டேன், என் விரலில் ஒரு தடவை வேண்டும்." சுனிதா தாயிதான் முதலில் சிரித்தார். "இருக்கட்டும் விடுங்கள், போட்டியே இல்லாமல் வாங்குகிற மாலை எனக்கும் வேண்டாம்" என்றார்.

அதற்கப்புறம்தான் வம்பே தொடங்கியது. பிளாட்காரர்கள் எல்லோரும் 'நம்ம டீச்சர்' என்று கிளம்பிவிட்டார்கள். ஜெயித்துத் தொலைத்தால் என்ன செய்வது? வீடு வீடாகப் போனேன், பழக்கப்பட்ட வேலைதான். "யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், வந்து போடுங்கள்" என்று மட்டும் கேட்டேன். இப்படிப் பிரசாரம் செய்த வேட்பாளரை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

தேர்தலன்று வீட்டுக்காரர் வாக்குத் தவறாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சாவடியில் ஒரு சின்ன வயது டீச்சர், தூக்கம் போன கண்களோடு, பொத்தானை எப்படி அழுத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி முழுவதையும் கேட்டேன். என் விரலைப் பிடித்து மை வைத்தாள். சில்லென்று இருந்தது, இத்தனை பேருக்கு வைத்திருக்கிறேன், அது சில்லென்று இருக்கும் என்பது எனக்குத் தெரியாது. மறைப்புக்குள் போய், என் பெயரையும் சுனிதா தாயி பெயரையும் ஒரு நிமிஷம் பார்த்தேன். யோசித்தேன். அழுத்தினேன். வெளியே வரும்போது கண் நிறைந்திருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

எண்ணிக்கை முடிந்தது. சுனிதா தாயி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஊர்வலத்தில் என் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டார். எனக்கு விழுந்த ஓட்டு கொஞ்சம்தான் என்று பிளாட்காரர்கள் வருத்தப்பட்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் கேட்டார்.

"உனக்கு விழுந்ததுல ஒண்ணு என்னுது. உன்னுது அதுல இல்லன்னு எனக்குத் தெரியும். ஏம்மா, ஊரையே எதிர்த்துக்கிட்ட, சரி, யாருக்குப் போடப் போறேன்னு எனக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் நல்ல ஆளுக்கே போட்டிருப்பேனே?"

ஒரே ஒரு ஓட்டுப் போடுவதற்காக ஊர் முழுவதையும் வரிசையில் நிற்க வைத்து, அந்த ஓட்டையும் எதிராளிக்கே போட்டுவிட்டுத் தோற்றதற்கு மாலையும் வாங்கிக்கொண்டு வந்த வேட்பாளர் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.