மெகர் டீச்சரின் நாலாவது சக்கரம்

செய்தி வந்தபோது நான் பொதுத்தேர்வு அறைக்குள் கண்காணிப்பாளராக நின்றிருந்தேன். கைப்பேசியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்; கடைசி மணி அடிக்கும்வரை வெளியே வரக்கூடாது. குடிநீர் வைக்க வந்த அம்மா கதவருகே நின்று மெல்லச் சொன்னார். நம் கணக்கு டீச்சர் மெகருன்னிசா காலையில் மாரடைப்பில் போய்விட்டார், மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்துக் கணக்குத் தேர்வு.

விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்து, துடியலூரில் பேருந்து பிடித்து, கோட்டைமேட்டுச் சந்தில் அவர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். பெண்கள் மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மெகர் டீச்சரை உங்களுக்கெல்லாம் தெரியும். அவரிடம் படித்தவர்களும், ஆசிரியர் அறையில் அவரோடு டீ குடித்தவர்களும்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். சென்ற ஆண்டு அவர் ஓய்வு பெற்ற விழாவில் அவருடைய கண்டிப்பைப் பற்றி ஆளாளுக்குப் பேசி முடித்துவிட்டோம். நான் சொல்லப்போவது பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளுகிற ஒரு பாப்பா வண்டியைப் பற்றி. அதுவும் மூன்று சக்கர வண்டி. சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள், அவரும் சிரித்தவர்தான்.

என் மகள் பிறந்தபோது எனக்கு அம்மா இல்லை. பிரசவம் பார்க்கத் தாராபுரத்திலிருந்து மாமியார் வந்தார்; அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நல்லவர், கையில் ஈரம் காயாமல் உழைப்பவர். ஆனால் அவருடைய "ஆகாது"களுக்கு முடிவே கிடையாது. காத்து ஆகாது, கண்ணு ஆகாது, வெள்ளிக்கிழமை ஆகாது, விளக்கு வைத்த பிறகு ஆகாது. வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை என்பதால் எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எங்கள் வீடு நாலாவது மாடி. கணவர் காலையில் பம்புசெட் கம்பெனிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். சமையலறை ஜன்னலில் நின்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் பேருந்துகள் போவது தெரியும். அதில் ஏறிப்போகும் பெண்களைப் பார்த்து வயிறெரிவேன். எங்கே போகிறார்களோ, ரேஷன் கடைக்கோ, பல் பிடுங்கவோ, எனக்கென்ன? போகிறார்கள் அல்லவா! ஆறு மாதம் அப்படி இருந்தேன். பைத்தியம் பிடிக்காததுதான் மிச்சம்.

இதில் இன்னொரு முடிச்சு. ஜூனில் பள்ளி திறக்கும்போது நான் வராவிட்டால் என் இடத்துக்கு வேறு தமிழாசிரியரைப் போடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவிலேயே குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. நடந்துபோகிற தூரம்தான். ஆனால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தூரம் நடக்க என்னால் முடியாது. மாமனார் தோட்டத்தில் மாடு கன்றோடு தனியாக இருந்ததால் அத்தையும் நிரந்தரமாக எங்களோடு தங்க முடியாது. பிள்ளை வளரும்வரை வேலையை விட்டுவிடு என்பதுதான் அத்தையின் முடிவு. கணவர், "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

அந்த நாளில்தான் மெகர் டீச்சர் பிள்ளையைப் பார்க்க வந்தார். பிள்ளையைப் பார்த்தாரோ இல்லையோ, என்னை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை நாளாச்சு கீழே இறங்கி என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். அத்தை காப்பி போடப் போயிருந்தார். டீச்சர் சமாதானம் சொல்லவில்லை. எழுந்துபோய் லிப்ட் கதவின் அகலத்தைத் தன் குடையால் அளந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டார்.

அந்தச் சனிக்கிழமை க்ராஸ்கட் ரோட்டிலிருந்து வீடியோ கால் வந்தது. கைப்பேசியை ஒரு பையனிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, ஒரு குழந்தைப் பொருள் கடைக்குள் நின்றிருந்தார். கையில் பிள்ளை எடைக்கு ஒரு சின்ன அரிசி மூட்டை. அதை ஒவ்வொரு வண்டியிலும் உட்காரவைத்து, பெல்ட் மாட்டி, கடைக்கு வெளியே நடைபாதையில் தள்ளிக்கொண்டு போனார். கடைப் பையன்கள் "மேடம், மேடம்" என்று பின்னாலேயே ஓடினார்கள். பார்க்க அழகான நாலு சக்கர வண்டி ஒன்று. அதன் சின்னச் சக்கரம் இரண்டு கல்லுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது. அரிசி மூட்டை முன்னால் குப்புறச் சாய்ந்தது. "பாத்தியா சுமதி, உன்ற பொண்ணு உழுந்துபோட்டா" என்றார். பிறகு பெரிய சக்கரம் மூன்று வைத்த வண்டி. ரப்பர் டயர், உள்ளே காற்று. உடைந்த கல், மணல், சாக்கடை மூடி எல்லாவற்றிலும் ஏறி இறங்கியது. சரிவில் நிறுத்திப் பிரேக்கைப் போட்டு, கையை எடுத்துவிட்டு நின்று பார்த்தார். கைப்பிடி என் உயரத்துக்கு வருமா என்று கேட்டார். இடுப்பு வலிக்காரி குனிந்து தள்ளக்கூடாதாம். மடக்கினால் லிப்டுக்குள் போகுமா என்று குடையை வைத்து மறுபடி அளந்தார். நாலாவது மாடியில் ஜன்னலோரம் நின்றுகொண்டு நான் அந்தத் தெருவை, வெயிலை, அந்த வண்டி போகிற போக்கைப் பார்த்தேன். இதுதான் வேண்டும் என்றேன்.

என் அண்ணன் அதை மாமன் சீராகக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டான். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு மாமன் சீர் என்றால் அது பத்துப் பேர் பார்க்க வந்து இறங்குகிற காரியம். தேங்காய் பழத் தட்டுகளோடு வண்டியும் வந்து கூடத்தில் நின்றது. தாராபுரத்திலிருந்து வந்திருந்த அத்தையின் மூத்த அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதைச் சுற்றிவந்தார். தட்டில் இட்லியைக்கூட மூன்றாக வைக்க மாட்டோம், மூன்று பேராக ஒரு நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டோம், உங்களுக்குத் தெரியாததல்ல. "ஏங்கண்ணு, மாமன் சீரு மூணு சக்கரத்துலயா வாரது?" என்றார். அண்ணன் முகம் செத்துப்போயிற்று. அத்தை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார், "அது ஆகாதுங்கக்கா. எம்பேத்திய அதுல உக்கார வெக்க மாட்டேன்."

வண்டி லிப்ட் பக்கம் வராந்தாவுக்குப் போய்விட்டது. ஒரு வாரம் அது கதவுக்கு வெளியே, நான் கதவுக்கு உள்ளே. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். மே மாதம் முடிந்துகொண்டிருந்தது. ராஜினாமாக் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். தமிழாசிரியைக்கு அதற்குக்கூட வார்த்தை வரவில்லை.

டீச்சருக்குப் போனில் சொன்னபோது, "நாளைக்கு வாரேன்" என்று மட்டும் சொன்னார். வந்தார், துணிப்பையோடு. உள்ளே ஒரு ஸ்பேனர், இரும்புப் பட்டை, பழைய பொம்மை சைக்கிளிலிருந்து கழற்றிய சின்னச் சக்கரம். வராந்தாவிலேயே சேலையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பின்சக்கரங்களுக்கு நடுவில் உள்ள கம்பியில் அந்தச் சக்கரத்தை வைத்து முடுக்கினார். அது தரைக்கு ஒரு விரல் உயரத்தில் சும்மா தொங்கியது. பிறகு எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, அத்தையைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, வந்து எண்ணிப் பாருங்க."

அத்தை வந்தார். குனிந்து, ஒவ்வொரு சக்கரமாக விரலால் தொட்டு எண்ணினார். நாலாவதைத் தொட்டதும் அது சுழன்றது. அது சுழன்று நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாலுதானுங்களே?" என்றார் டீச்சர்.

"நாலுதான்" என்றார் அத்தை. என் பக்கம் திரும்பி, "அப்பறமென்ன கண்ணு, உள்ள கொண்டா" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சர் என் காலை மிதித்தார். லிப்டுக்குள் போன பிறகுதான், "ஊர் வாய மூட உலைமூடி இல்லைம்பாங்க. ஒரு சக்கரம் போதும் போலிருக்குதே" என்றார். ஜூன் மாதம் நான் வேலைக்குப் போனேன்.

அதோடு எல்லாம் விடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். வீட்டிலிருந்து காப்பகம், காப்பகத்திலிருந்து பள்ளி, திரும்ப அதே வழி. செக்குமாடு சுற்றுகிற வட்டம் கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான். ஒருநாள் மாலை அந்த வட்டத்தை நீட்டிக் காய்கறிக் கடைவரை போனேன். தக்காளிப்பையும் இரண்டு தேங்காயும் கைப்பிடியில் மாட்டினேன். கடைக்காரரிடம் மீதி வாங்கக் கையை எடுத்ததுதான் தாமதம், வண்டி பின்னால் மல்லாந்துவிட்டது. பெல்ட் போட்டிருந்ததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. சுற்றி நின்ற நாலு பேர் இதற்குத்தான் இதெல்லாம் வேண்டாம் என்பது என்று ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டில் சொல்லப் பயந்து டீச்சருக்குத்தான் சொன்னேன். திட்டினார், வகுப்பில் திட்டுகிற அதே குரலில். பாரத்தைக் கைப்பிடியில் மாட்டாதே, கீழே இருக்கிற கூடையில் வை என்றார். "கைய எடுக்கறதுக்கு முந்தி கால வெச்சுப் பழகு சுமதி" என்றார். பிரேக் காலடியில்தான் இருக்கிறது. அதை மிதித்த பிறகே கையை எடுக்க வேண்டும். இன்றைக்கும் சூப்பர் மார்க்கெட் வண்டியை விடும்போது என் கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வண்டியை அவரே ஒரு பார்வை பார்ப்பார். டயரை அமுக்கிக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பார். அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியை ஊக்கால் இழுத்து எடுப்பார். மழையில் நனைந்தால் துடைத்துவிட்டுத்தான் மடக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி பூஞ்சை பூத்துப்போகும் என்பார். அத்தை ஊரிலிருந்து வந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே அவரிடம் ஊர்க்கதை பேசுவார். நாலாவது சக்கரத்துக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட டீச்சர் மறக்க மாட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் அத்தையின் வெகுளித்தனத்தை நினைத்து நான் வாய்க்குள் சிரித்துக்கொள்வேன்.

அப்படி முடி எடுத்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் தன் கதையைச் சொன்னார். அவருக்கு மகன் பிறந்தபோது கணவர் வெளிநாட்டில். மாமனார் வீட்டு மாடி அறை, சந்துப் பக்கம் பார்த்த ஒரு ஜன்னல். ஒரு வருடம் அவர் வாசல்படி தாண்டவில்லை. யாரும் கொடுமை செய்யவில்லையாம், வேளைக்குச் சோறு மேலேயே வந்துவிடுமாம். அதுதான் தாங்க முடியவில்லை என்றார். "அந்த ஜன்னல் கம்பிய எண்ணி எண்ணித்தான் நான் கணக்கு டீச்சரானேன்" என்று சிரித்தார். நான் உங்கள் வீட்டு வழக்கம் அப்படி என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "உங்கூட்டு வழக்கம், எங்கூட்டு வழக்கம்னு ஒண்ணும் இல்ல. கதவுக்குத் தாழ்ப்பா ஒண்ணுதான்" என்றார். அவருக்கு அந்த ஒரு வருடத்தில் ஒருவரும் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு வரவில்லை.

கோட்டைமேட்டிலிருந்து நான் வீடு திரும்பியபோது அந்த வாரம் வந்திருந்த அத்தைதான் கதவைத் திறந்தார். செய்தியைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். வண்டி பால்கனியில் பழைய வேட்டி போர்த்தி நிற்கிறது. என் நாத்தனாருக்கு இது மாதம். பிரசவத்துக்குத் தாராபுரம் வந்திருக்கிறாள், வண்டி அவளுக்குப் போகிறது என்று முன்பே முடிவாகியிருந்தது.

நான் முகம் கழுவிவிட்டு, அலமாரியிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். அன்றைக்கு டீச்சர் எங்கள் வீட்டிலேயே விட்டுப்போன ஸ்பேனர்தான். முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை, அவர் கைப்பட மாட்டிய அந்தச் சக்கரமாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். குனிந்து நட்டில் வைத்தபோது அத்தை பின்னால் வந்து நின்றார்.

"அதக் கழட்டாத கண்ணு."

டீச்சர் ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன் அத்தை, வண்டிக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றேன். துக்கத்தில் வாய் தவறி, அது தரையையே தொடாது என்றும் சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் காப்பாற்றிய ரகசியம்.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது தொடாதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே பாத்துப்போட்டேன். அக்கா முன்னால ஆகாதுன்னு சொல்லிப்போட்டு, எறங்கி வரத் தெரியாம ஒரு வாரம் நானுந்தான் தூங்காமக் கெடந்தேன். உங்க டீச்சர் அத வண்டிக்கா மாட்டுனாங்க? எனக்குத்தான மாட்டுனாங்க."

அந்த ஒரு வாரம் கதவுக்கு உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அதோடயே போகட்டும்" என்றார் அத்தை. "அக்கா அங்கயும் எண்ணுவாங்க."

அவர் குனிந்து அந்தச் சக்கரத்தை விரலால் ஒருமுறை தட்டினார். எண்ணெய் விட்டு வைத்த சக்கரம், சத்தமில்லாமல் வெகுநேரம் சுற்றியது. வண்டி வரும் வாரம் நாலு சக்கரத்தோடு தாராபுரம் போகிறது. ஸ்பேனரை நான் வைத்துக்கொண்டேன்.