வாளி அக்கா

சாயங்கால அஸர் தொழுகை முடிந்த கையோடு வாளி அக்கா துணி துவைக்கும் கல்லுக்கு வந்துவிடுவாள். விடுதிப் பிள்ளைகளில் அழ வேண்டியவர்கள் பின்னாலேயே வந்து நிற்பார்கள். "அழறவ தாராளமா அழலாம். கை மட்டும் சும்மா இருக்கக் கூடாது" என்று வாளியிலிருந்து ஆளுக்கொரு ஈரத்துணியை எடுத்துத் திணிப்பாள். பிழிந்து உதறுவதற்குள் பாதி அழுகை வடிந்துவிடும். தன் துணியும் அந்தச் சாக்கில் வெளுத்துவிடுகிறது என்பதை அவள் ஒளிப்பதில்லை.

பெண்கள் மதரஸா விடுதியில் அவளுக்கு இது கடைசி வருஷம். ஒல்லிக்குச்சி உடம்பு, குரல் மட்டும் மூன்று ஆளுக்கு உண்டானது. குர்ஆன் மனனம், அரபு இலக்கணம், போதாக்குறைக்குப் பள்ளிக் கணக்கு என்று திணறும் பிள்ளைகளிடம் அவள் உபதேசம் செய்வதில்லை. தன் முதல் வருஷ இலக்கணப் பேப்பரைக் கல்யாணப் பத்திரிகை போல நீட்டுவாள். "நூத்துக்குப் பதினொண்ணு. அதுலயும் ரெண்டு மார்க் கையெழுத்துக்காகப் போட்டது!"

போன மாதம் புதுப்பிள்ளை ஒருத்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கூட்டிப்போக வாப்பாவுக்குச் சொல்லியாயிற்று. "படிச்சதெல்லாம் மறந்துபோச்சுக்கா. நாளைக்குப் பரீட்சைல என் பேரே ஞாபகம் வராது."

வாளி அக்கா அந்தப் பெட்டிமேலேயே ஏறி உட்கார்ந்தாள். "பேரை நான் சொல்லித் தர்றேன். வாப்பா வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கப்போறே? இந்த வினைச்சொல்லு பக்கத்தை எனக்கு ஒப்பிச்சுக் காட்டு. எனக்கும் மறந்துபோச்சு."

வாப்பா வந்தபோது இருவரும் கைதட்டிக் கைதட்டி ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம் இருங்க வாப்பா, இன்னும் அரைப் பக்கம்தான்" என்றாள் மகள். அவர் ஒரு மணி நேரம் காத்திருந்தார். தனியாகத்தான் திரும்பிப் போனார்.

நேற்று வாளி அக்காவுக்கு இறுதி வாய்மொழித் தேர்வு. தவறினால் இன்னொரு வருஷம். தேர்வறை வாசலில் அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "தலைக்குள்ள ஒண்ணுமே இல்லடி" என்றாள். அந்தக் குரலா இது என்று கூட வந்திருந்த பிள்ளைகள் திகைத்தார்கள்.

புதுப்பிள்ளை முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "முதல் வரிய மட்டும் சொல்லுங்கக்கா. நான் கேக்கறேன்."

முதல் வரி தட்டுத் தடுமாறி வந்தது. இரண்டாவது தானாக வந்தது. உள்ளேயிருந்து தேர்வெடுக்கும் ஆசிரியை, உஸ்தாதா கூப்பிட்டார். கதவு சாத்திக்கொண்டது. வெளியே பிள்ளைகள் ஒன்பது பேரும் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. வாளி அக்கா நேராக வந்து, புதுப்பிள்ளையை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.