எசென்குல் இறந்த தேதி

புருலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அந்தக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிற அத்தனை பேருக்கும் தெரியும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து போட்ட கலைக்களஞ்சியம் அது. அதன் கிர்கிஸ் பகுதியில், புதிதாக வருகிறவர்கள் சந்தேகம் கேட்பதற்கென்று ஒரு பக்கம் உண்டு. பிஷ்கேக்கில், நிலக்கரிப் புகை ஜன்னலில் படிந்துபோன மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வருஷக்கணக்காக அந்தப் பக்கத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் புருல்தான். சம்பளம் கிடையாது. நன்றி என்று ஒரு வார்த்தை வந்தால் அது அதிசயம்.

வருகிற கேள்விகளும் லேசுப்பட்டவை அல்ல.

“எங்க ஏழு தலைமுறை அப்பன்மார் பேரையும் வரிசையா எழுதினேன். எவன் அதை அழிச்சது?”

“நான்தான். ஆதாரம் எங்கே?”

“ஆதாரமா! எங்க தாத்தா வாயாலயே சொன்னாரு, எஜே.”

“உங்க தாத்தா அச்சுல வந்திருக்காரா?”

“தாத்தா மண்ணுக்குள்ள போயிட்டாரு.”

“அப்ப அந்த ஏழு பேரும் அவர் கூடவே இருக்கட்டும்.”

இப்படித்தான் பேசுவாள். எஜே என்று கூப்பிட்டால், அக்கா என்கிறானே பாவம் என்று கொஞ்சம் இறங்கி வருவாள் என நினைக்கிறவன் ஏமாந்துபோவான். மாமா தேர்தலில் நிற்கிறார், அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை போட என்ன கட்ட வேண்டும் என்று ஒருவன் கேட்டதற்கு, “முதல்ல உங்க மாமாவை ஜெயிக்கச் சொல்லு” என்றாள். உங்கள் மேலதிகாரியின் நம்பரைக் கொடுங்கள் என்று மிரட்டியவனிடம், “மேல அல்லா இருக்கார், கீழ நான் இருக்கேன். யார் நம்பர் வேணும்?” என்று கேட்டாள்.

பிறவியிலேயே அப்படியா என்றால் இல்லை. ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவளாக இருந்து, பத்திரிகை மூடப்பட்டு, புருஷனும் வேறொருத்தியோடு போய், மகளும் கொரியாவுக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போன பிறகு, பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல்தான் அவள் அங்கே வந்து சேர்ந்தாள். பிறந்த ஊரைப் பற்றி ஆசை ஆசையாக எழுதினாள். மறுநாள் ஒரு வரி பாக்கியில்லாமல் துடைத்துவிட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டாள். வாரக்கணக்கில் ஒரு நாதியும் பதில் சொல்லவில்லை. சரி, நாமாவது சொல்வோம் என்று உட்கார்ந்தவள்தான். ஒரே கேள்விக்கு ஆயிரம் தடவை பதில் சொன்னால் யாருக்குத்தான் வாய் புளிக்காது? நாளடைவில் பதில்களைத் தயாராக எழுதி வைத்துக்கொண்டாள். கேள்வி வந்ததும் பொருத்தமானதை எடுத்து ஒட்டிவிடுவாள். கேட்டவன் யார், எங்கிருந்து கேட்கிறான் என்று பார்க்கிற பழக்கம் எப்போதோ விட்டுப்போயிற்று.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை காலை. எசென்குல் என்ற மல்யுத்த வீரரின் பக்கத்தில் பெயர் தெரியாத யாரோ கைவைத்திருந்தான். எசென்குல் ஒரு காலத்தில் ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். பக்கத்தில் நாலே வரிதான்: பிறந்த ஊர், வாங்கிய பதக்கம், மோதிய எடைப் பிரிவு, அப்புறம் மாஸ்கோவுக்குப் போய்விட்டார் என்று ஒரு வரி. முந்தின நாள் சாயங்காலம், விளையாட்டுச் செய்தித் தளம் ஒன்றைப் பார்த்து யாரோ அதில் இறந்த தேதியைச் சேர்த்திருந்தார்கள். மாஸ்கோவில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். இரண்டையும்தான் இந்தப் புதியவன் அழித்திருந்தான்.

புருல் திரும்பப் போட்டாள். டீ ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தால் மறுபடியும் அழித்திருக்கிறான். அவளும் மறுபடியும் போட்டாள்.

அழித்தவன் எசென்குலின் தம்பி சமுதின். மாஸ்கோ விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில், அண்ணனின் சவப்பெட்டியை ஊருக்கு ஏற்றிவிடக் காகிதங்களோடு காத்துக் கிடந்தான். கோச்கோர் பக்கத்துக் கிராமத்தில் அபா என்று அவன் கூப்பிடுகிற அம்மா உரும்கானுக்கு இன்னும் விஷயம் தெரியாது. சாவுச் செய்தியை எங்கள் கிர்கிஸ் ஜனங்கள் போனில் சொல்ல மாட்டார்கள், ஒற்றை ஆளாகப் போயும் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் கூடி, விடிகிற நேரத்தில் வாசலுக்குப் போய், அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு பக்கமும் தாங்கிக்கொள்ளத் தயாராக நிற்க, எதையெதையோ சுற்றிப் பேசிக் கடைசியில்தான் காதில் போடுவார்கள். பெட்டி கிளம்பிவிட்டது என்று தெரிந்த பிறகு சொல்லலாம் என்று ஊரில் முடிவாகியிருந்தது. அதுவரை வீட்டில் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு நடமாடினார்கள். ஆனால் அம்மாவிடம் ஒரு போன் இருந்தது. எசென்குல் வாங்கிக் கொடுத்தது. படிப்பு அதிகம் இல்லாத அந்தக் கிழவி அதில் திறக்கத் தெரிந்து திறக்கிறது ஒன்றே ஒன்றுதான், மகனைப் பற்றிய அந்த நாலு வரி. மாடு கறக்கப் போகுமுன் ஒரு தடவை, வந்து ஒரு தடவை, வருகிறவர்களுக்கெல்லாம் காட்ட ஒரு தடவை.

இதை சமுதின் அப்படியே எழுதியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் அம்மா காதில் போடும் முன்னால் செத்துப்போனான் என்று சொல்ல அவனுக்கு எப்படிக் கை வரும்? கேள்விப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்து வந்து, மற்றப் புதியவர்கள் கேட்பதையே கேட்டான்.

“நான் அழிச்சா அது ஏன் திரும்பத் திரும்ப வருது?”

புருல் தயாராக இருந்ததை ஒட்டினாள்: ஆதாரம் உள்ள தகவலை நீக்கக் கூடாது.

“அது பொய், எஜே. அண்ணன் பயணம் கிளம்பியிருக்கார். இன்னும் வீடு வந்து சேரல.”

“செய்தியில வந்திருக்கு. நீ பொய்னு சொன்னா பொய்யாயிடுமா?”

“ரெண்டே ரெண்டு நாளைக்கு அந்த வரியை மூடி வையுங்க. அப்புறம் நானே எழுதிக் குடுக்கறேன். வீட்டுல பெரியவங்க இருக்காங்க.”

“யார் வீட்டுல பெரியவங்க இல்ல? நீ அவருக்கு உறவா?”

“கூடப் பொறந்தவன்.”

“அப்ப நீ அந்தப் பக்கத்தைத் தொடவே கூடாது. உறவுக்காரங்க சொந்தக்காரங்களைப் பத்தி எழுதறது இங்க ஆகாது. விதியைப் படி, தம்பி.”

பக்கங்களைப் பூட்டுகிற அதிகாரம் அவளுக்கு உண்டு. எசென்குலின் பக்கத்தை யாரும் தொட முடியாதபடி பூட்டினாள். இறந்த தேதி உள்ளே இருந்தபடியே. ஒரு தலைவலி தீர்ந்தது என்று எழுந்து நூடுல்ஸ் வேகவைக்கப் போனாள். அடுப்பைப் பற்றவைத்த கையோடு கரண்ட் போயிற்று. குளிர்காலத்தில் அது வழக்கம்தான். மின்சாரக் கணப்பும் நின்றுபோக, கோட்டைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் சுருண்டாள். விளக்கு திரும்ப வந்தபோது வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

கேள்விப் பக்கத்தில் அவன் வரிசையாக எழுதி வைத்திருந்தான். பூட்டைத் திறங்கள். எஜே, இருக்கிறீர்களா? வேறு யாராவது இருக்கிறீர்களா? கடைசியில் ஒன்று:

“அண்ணன் செத்துட்டான். என் கையால எழுதிட்டேன், போதுமா? பெட்டி பக்கத்துல உக்காந்திருக்கேன். அபாவுக்கு இன்னும் யாரும் சொல்லல. அபா தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து பாக்கும். உங்களுக்கு அம்மா இல்லையா?”

புருல் மேலே போய், அவன் காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தாள். பயணம் கிளம்பியிருக்கிறார் என்றானே! வீடு வந்து சேரவில்லை என்றானே! எந்தக் கிர்கிஸ் பெண்ணுக்கு அது புரியாமல் போகும்? அவள் கல்லூரி விடுதியில் இருந்தபோது அப்பா இறந்ததை அப்படித்தான் அவளுக்குச் சொன்னார்கள். சித்தப்பாமார் வந்து, கம்பீரமான ஒரு குதிரை மேய்ச்சலுக்குப் போனது, திரும்பவில்லை என்று ஆரம்பித்தார்கள். குதிரை என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் அலறிவிட்டாள். அப்படிப்பட்டவள், இந்தப் பையன் வாய்விட்டுச் சொல்லாமல் சொன்னதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறாள். சீ, என்ன மனுஷி நான் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பூட்டைத் திறந்தாள். தேதியை எடுத்தாள். மாஸ்கோவில் விழுந்ததாகச் சொன்ன வரியையும் எடுத்தாள். ஆதாரம் உள்ள வரியை அவள் தன் கையால் அழித்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவனுக்கு எழுதினாள்.

“எடுத்துட்டேன், தம்பி. என்னை மன்னிச்சிடு. அபா பாத்திருப்பாங்களா?”

“தெரியல. இந்தப் பக்கத்தை யார் யார் பாத்தாங்கன்னு பாக்க வழி இருக்கா?”

புதியவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் கேட்கிற கேள்விதான். வழி இல்லை என்று எழுதினாள். அதற்குமேல் அவன் எதுவும் கேட்கவில்லை.

பெட்டி ஊர் போய்ச் சேர்ந்த அன்றே புருலும் கிளம்பினாள். அழைப்பு எதற்கு, சாவு வீட்டுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். கோச்கோர் போகிற வாடகைக் காரில் நாலு பேரோடு நெருக்கி உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்பதா, கேட்டால் அந்தத் தாய் என்ன நினைப்பாள் என்று வழியெல்லாம் மனசுக்குள் புரட்டிக்கொண்டே வந்தாள். கிழவி எதையும் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும், அது ஒன்று போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

வாசலில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். வெளியே ஆண்கள் தடியை ஊன்றிக் குனிந்து, “ஐயோ என் அண்ணனே” என்று கதறிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சமுதின் எவன் என்று அவளுக்குத் தெரியவில்லை. தேடவும் தைரியம் வரவில்லை. உள்ளே எசென்குல் திரைக்குப் பின்னால் கிடந்தார். பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். புருலும் அழுதுகொண்டே போய் ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொண்டாள். உரும்கான் அபா கூடாரத்தின் நடுப்பக்கத்தில், கறுப்புத் துணி போர்த்தி, தொண்டை கட்டிப்போய் இருந்தாள். தேநீர் வந்த இடைவெளியில் புருலைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள்.

“எங்கிருந்து வர்றே, மகளே?”

“பிஷ்கேக்கிலிருந்து, அபா.”

“அவ்ளோ தூரத்துலேர்ந்தா? என் புள்ளையைத் தெரியுமா?”

“பேர் தெரியும்.”

“பேர் தெரியும்” என்று கிழவி தலையை ஆட்டினாள். போனை மடியிலேயே வைத்திருந்தாள். “இதுல அவன் பேர் இருக்கு. மெடல் வாங்கினது இருக்கு. அன்னிக்குக் காலைல தொறந்தா, செத்துட்டான்னு போட்டிருக்கு. நான் யார்கிட்டயும் மூச்சு விடல. அவனுக்குப் போன் போட்டேன், எடுக்கல. சின்னவனுக்குப் போட்டேன். ரெண்டு பேரும் வேலைல இருக்கோம், நல்லா இருக்கோம் அபான்னான். வாய் தொறந்து கேட்டா நெசமாயிடும்னு நானும் கேக்கல. மாட்டுக்குத் தீனி வச்சிட்டு வந்து பாத்தா, அந்த வரியைக் காணோம்! அல்லாவேன்னு அப்படியே தரையில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா மறுபடி செத்துக் கெடக்கான். அப்புறம் பொழைச்சான். அப்புறம் செத்தான். ஒரே காலைல என் புள்ள எத்தனை தடவ சாவான், சொல்லு?”

யாரோ புருலின் கிண்ணத்தில் மறுபடி தேநீர் ஊற்றினார்கள்.

“பகலெல்லாம் செத்தே கெடந்தான். வீட்டுல எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க, நான் அவங்க மூஞ்சியைப் பாக்கறேன். இருட்டினப்புறம் கடைசியா ஒரு தடவ தொறந்தேன். சுத்தமா இல்ல. விழுந்ததும் இல்ல, செத்ததும் இல்ல. யாரோ வேணும்னே விளையாடியிருக்கான், யாரோ நல்லவன் பாத்து சரி பண்ணிட்டான்னு நெனச்சேன். எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? வயிறு நெறயச் சாப்பிட்டேன், மகளே. அடிச்சுப்போட்ட மாதிரித் தூங்கினேன். விடியக்காலைல எழுந்து, புள்ள உயிரோட இருக்கான்னு நேத்திக்கடனா போர்சோக் சுடலாம்னு மாவு பிசைஞ்சிட்டிருந்தேன். எண்ணெய் காஞ்சிட்டிருக்கு. அப்பதான் வாசல்ல பெரியவங்க வந்து நின்னாங்க.”

கிழவி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நீ படிச்சவ மாதிரி இருக்கே. இதுல எழுதறது யாரு?”

பொய் சொல்ல நிமிஷம் போதும். தெரியாது என்றால் அதோடு போயிற்று. ஆனால் புருலால் அந்த முகத்துக்கு எதிரே அது முடியவில்லை.

“நான்தான், அபா.”

“எது? போட்டதா, எடுத்ததா?”

“ரெண்டும்.”

பக்கத்திலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிழவி கத்தவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டது சரி. நெசத்தைத்தானே போட்டே” என்றாள். “எடுத்தியே, அது எதுக்கு?”

கிழவி சுவர்ப் பக்கம் திரும்பி, இடுப்பில் கையை ஊன்றி, கட்டிப்போன குரலில் மகன் பெயரைச் சொல்லி ஒப்பாரியைத் தொடங்கினாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். புருலுக்கு இடம் விட்டு யாரும் நகரவில்லை. அவள் எழுந்து, குனிந்து, வெளியே வந்தாள்.