நோலீன் அட்டை

நோலீன் கெர்லாக் சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியை டப்பா உணவுகள் இருக்கும் வரிசையின் முனையில் நிறுத்துகிறார். இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே கோத்து, ஆட்காட்டி விரலை நீட்டுகிறார். பீன்ஸ் டப்பாவுக்கு இரண்டு. தக்காளிச் சாற்றுக்கு இரண்டு. பக்கத்தில் இருக்கும் ஜாம் பாட்டிலை விரல் தாண்டிப் போகிறது. அது சுடக்கூடாத அட்டை. ஓர் அடி பக்கவாட்டில் வைத்து, மறைவில் இருக்கும் சூப் டப்பாவுக்கு இரண்டு. உதடு மட்டும் அசைகிறது. பால் எடுக்க வந்தவர் ஒதுங்கி வழிவிடுகிறார். இந்த ஊரில் யாரும் அவரை வேடிக்கை பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை போட்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

வார நாட்களில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மழை பெய்தால் டயரை விழுங்கிவிடும் கரிசல் மண் சாலை. பண்ணைக்குப் பண்ணை ஒரு பிள்ளை. காலையும் மாலையும் வண்டியை நிறுத்தியதும் கடைசி இருக்கை வரை நடந்துபோய், ஒவ்வோர் இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பார். தூங்கிப்போன பிள்ளை யாராவது இருந்தால்? “கடைசி சீட்டப் பாக்காம சாவிய உருவக் கூடாது, கண்ணு” என்பார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் பேசும். அவை பேசுவதை அவர் கேட்பதில்லை.

தானியக் கிடங்குகளுக்குப் பின்னால், மூன்று பக்கமும் மண் அணைத்த திடல்கள்தான் எங்கள் பிஸ்டல் கிளப். நின்ற இடத்தில் நின்று வட்டத்தைக் குறிபார்க்கும் விளையாட்டு இல்லை இது. பீப்பாய்கள், பச்சை வலை கட்டிய தட்டிகள், ஜன்னல்கள். அவற்றுக்கு நடுவே ஓடி, ஒளிந்து நிற்கும் ஒவ்வொரு குறி அட்டையிலும் இரண்டு குண்டு போட வேண்டும். சுடக்கூடாத வெள்ளை அட்டையில் பட்டால் தண்டம். வாங்கிய புள்ளியை எடுத்த நேரத்தால் வகுப்பார்கள். அவசரக்காரனும் பிழைக்க மாட்டான், நிதானக்காரனும் பிழைக்க மாட்டான். எந்த வழியில் போவது, எங்கே தோட்டா மேகசினை மாற்றுவது என்பதெல்லாம் அவரவர் தலைக்குள்ளே தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பருத்தி ஆராய்ச்சிக்காக இங்கே வந்தவன். கணக்கு என்றால் விடமாட்டேன். வேடிக்கை பார்க்கப் போனவன் அப்படித்தான் உறுப்பினர் ஆனேன்.

நோலீனுக்குக் கணக்கைப் போடுவதைவிட, மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுப்பதில்தான் ருசி. எங்கள் திடல்களை வடிவமைப்பது அவர்தான். பேருந்தில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் நேரமெல்லாம் மனத்துக்குள் பீப்பாய்களை உருட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு திடலிலும் ஓர் அட்டையை, ஒரே ஓர் இடத்தில் நின்றால் மட்டும் தெரிகிற மாதிரி ஒளித்துவைப்பார். சுடும் வேகத்தில் அதை மறந்து ஓடாதவர் கிளப்பில் யாரும் இல்லை. அந்த அட்டைக்குப் பெயரே ‘நோலீன்’. பெயர் ஊருக்குள்ளும் வந்துவிட்டது. தபால் நிலையத்துக்கு வந்துவிட்டு, தபாலை வீட்டிலேயே விட்டவர், “ஐயோ, ஒரு நோலீன் பண்ணிட்டேன்” என்று திரும்பி ஓடுவார். அதைக் கேட்டால் நோலீனுக்குக் கன்னம் சிவக்கும். “பாலத்துக்குப் பேர் வப்பாங்க, பார்க்குக்குப் பேர் வப்பாங்க. இவனுங்க மறதிக்கு என் பேர வச்சிருக்கானுங்க!”

அவர் இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி எப்போதும் ஒரு சுருள் கிடக்கும். அட்டையில் விழுந்த ஓட்டைகளை அடைக்கும் பழுப்புநிறச் சதுர ஒட்டுத்தாள். ஒருவர் சுட்டு முடித்ததும் அடுத்தவருக்காக எல்லாரும் போய் ஒட்ட வேண்டும் என்பது வழக்கம். சிலர் அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிக்கப் போவார்கள். நோலீன் முதல் ஆளாக நடப்பார். “அடுத்தவன் சுட்ட ஓட்டைய பாத்தாதான் அவன் எங்க பதறினான்னு தெரியும்.”

“இதுல அப்படி என்னதான் இருக்கு?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆரம்பிக்கச் சொல்லி அடிக்கிற அந்த பீப் சத்தம்” என்றார். “அது அடிச்சதும் என் முட்டி, என் புருஷன், பஸ்ஸுல வாந்தி எடுத்த பொடியன், எல்லாம் காணாமப் போயிடும். கொஞ்ச நேரத்துக்கு நான் வெறும் கண்ணும் கையும்தான். முடிஞ்சதும் திரும்பிப் பாத்தா, கிண்டல் பண்ண நாலு பேரு நிக்கிறாங்க. வேற என்ன வேணும்?”

வேறு ஒன்றும் வேண்டியிருந்தது. மாநில மூத்தோர் அணியில் பெண்களுக்கு ஓர் இடம். வருடக்கணக்காக அவர் மாற்று ஆள். அணியின் சிவப்புச் சட்டை வீட்டுக்கு வரும். அதைப் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவார். இந்த முறை தேர்வுப் போட்டி எங்கள் கிளப்பிலேயே நடந்தது. கடைசித் திடலுக்கு வரும்போது நோலீன் முன்னிலையில் இருந்தார். நூலிழை பின்னால், மருந்துக்கடை கெரின் பாஸ்கோ. நோலீனின் பல வருடத் தோழி, அதே அளவு பகையாளி.

“கேள்வித்தாளும் நீயே, பரீட்சையும் நீயே. நல்லா இருக்குடி நியாயம்” என்றார் கெரின்.

“பீப்பாய நிமித்தி வைக்க உன்னக் கூப்பிட்டப்ப இடுப்பு வலின்னு படுத்துக்கிட்டியே, கெழவி. அப்பவே கேள்வித்தாளப் பாத்திருக்கலாம்.”

சுடுமுன் எல்லாரும் திடலுக்குள் நடந்து பார்க்கலாம். கைத்துப்பாக்கி உறையில், விரல்தான் ஆயுதம். நாங்கள் ஒவ்வொருவராக மூலையில் இருந்த தாழ்வான ஜன்னல் முன் மண்டியிட்டு, பீப்பாய்க்குப் பின்னால் தரையோடு தரையாக நின்ற அட்டைக்கு விரலை நீட்டி எழுந்தோம். நோலீன் மற்ற எல்லா அட்டைகளுக்கும் விரல் காட்டினார். அந்த ஜன்னலுக்கு வந்தபோது மட்டும் தட்டியில் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்தார்.

“குனிஞ்சு பாக்கலையா?” என்றேன்.

“முட்டி வலிக்குது, கண்ணு. என் வீட்டு பாத்ரூம் எங்க இருக்குன்னு நான் மேப் போட்டா பாக்கணும்?”

கெரின் சுட்டார், சுத்தமாக. கடைசி ஆள் நோலீன். நடுவர் கிளைவ், கோதுமை விவசாயி, கையில் நேரக்கருவியோடு பின்னால் நின்றார். “தயாரா?... காத்திரு.”

பீப்.

அறுபது வயது முழங்கால்களா அவை? முதல் பீப்பாயில் இரண்டு அட்டை, தட்டியின் ஓரத்தில் மூன்று, குறியாக நின்ற இரும்புத் தட்டுகள் டங் டங்கென்று விழுந்தன. ஓடும்போதே மேகசின் மாறியது. “போ நோல், போ!” என்று கத்திக்கொண்டிருந்தோம். மூலைக்கு வந்தார். தாழ்வான ஜன்னலைத் தாண்டிப் போனார்.

எங்கள் சத்தம் அறுந்தது. சுடுபவருக்கு வெளியிலிருந்து ஒரு சொல்லால்கூட உதவி செய்யக் கூடாது, செய்தால் தண்டம். கெரின் தன் தொப்பியை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

கடைசி இரண்டு குண்டு. நோலீன் நின்றார். இப்போதும் நான்கு அடி பின்னால் போனால் போதும். முடிக்கும் கட்டளையைக் கிளைவ் வழக்கமாக அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுவார். அன்று தொண்டையைச் செருமினார். தொப்பியைச் சரிசெய்தார். அதற்கு மேல் இழுக்க அவருக்கும் வழியில்லை.

“முடிஞ்சுதுன்னா... எறக்கிக் காட்டு.”

நோலீன் மேகசினை உருவி, காலியைக் காட்டி, துப்பாக்கியை உறையில் போட்டார். சிரித்தபடி திரும்பினார். யாரும் கிண்டல் பண்ணவில்லை. அதைக் கண்டுதான் அவர் சிரிப்பு நின்றது.

“என்னடா, யார் செத்துட்டா?”

கெரின்தான் வாயைத் திறந்தார். “நோல்... பஸ்ஸுல ஒரு புள்ளைய விட்டுட்டு வந்துட்ட.”

நோலீன் அந்த ஜன்னலைப் பார்த்தார். “இல்ல” என்றார். பிறகு, “ஆமா” என்றார். “கடைசி சீட்டு.”

“ரெண்டும் மிஸ்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார் கிளைவ். “சுடாம விட்டதுக்குத் தனியா ஒரு தண்டம்.”

“சத்தமாச் சொல்லு. ஊரே கேக்கட்டும்.”

“அந்த இடம் எனக்கு இப்படி வேணாம்” என்றார் கெரின்.

“வேணாமா? போடி. அந்தச் சட்டை சின்னதாத்தான் தைப்பானுங்க. ஒரு சைஸ் பெருசாச் சொல்லி வை.” பிறகு நோலீனே முதலில் சிரித்தார். “என் பேர நானே காப்பாத்திட்டேன், பாத்தியா!” அதற்கப்புறம்தான் எங்களாலும் சிரிக்க முடிந்தது.

கடைசி ஆள் சுட்ட அட்டைகளை யாரும் ஒட்டுவதில்லை. அப்படியே பிடுங்கிக் குப்பையில் போடுவோம். நான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு மூலைக்கு வந்தபோது நோலீன் அங்கே இருந்தார். பீப்பாயைப் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்கால், பிறகு மறு முழங்கால் என்று மெல்ல மண்ணில் இறங்கினார். அந்த அட்டையில் ஓட்டை ஒன்றும் இல்லை. மணிக்கட்டு வளையலிலிருந்து சதுரம் ஒன்று உரித்தார், இன்னொன்றும் உரித்தார். அட்டையின் நட்டநடுவில், பக்கம் பக்கமாக இரண்டையும் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.