காத்தாலயே எறக்கியாச்சுங்க

போன ஆடி மாதம், காற்று மண்ணை வாரிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள். எருமப்பட்டியில் நாங்கள் பேக்கரி வைத்திருக்கிறோம். டீ, பன், பஃப்ஸ் என்று எல்லாரும் விற்பதைத்தான் நாங்களும் விற்கிறோம். கடைக்குப் புதிதாக எதையாவது கொண்டுவர வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு நெடுநாளாக ஓர் அரிப்பு. சூரமங்கலம் பக்கம் பிள்ளைகள் காசு போட்டு விளையாடும் கடை ஒன்றை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கிருந்த பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கிவிட்டார். ஆள் உயரத்துக்கு பீரோ மாதிரி இருக்கும். பழைய டிவியில் பின்பக்கம் தொப்பையோடு ஒரு கண்ணாடி டியூப் இருக்குமே, அதுதான் அதற்குத் திரை. வாங்கியவர் பக்கத்தில் நிற்க வேண்டாமா? என் தலையில் கட்டிவிட்டு லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய்விட்டார்.

பெட்டி காலையில் குட்டியானை வண்டியில் வந்து சேர்ந்தது. கூட வந்தவர்கள் கயிறு கட்டி, பலகையில் சறுக்கவிட்டு இறக்கினார்கள். ஒரு கீறல் விழக்கூடாது என்று நான் பக்கத்தில் நின்று கத்திய கத்தலில் டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

என் கொழுந்தன் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன். அவன் வந்து பிளக்கைச் சொருகிப் போட்டுப் பார்த்தான். பாட்டு வந்தது, படம் வரவில்லை. திரை நடுவே குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு. இந்த மாதிரிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர் ஒருவர் அயோத்தியாப்பட்டணத்தில் இருந்தார். கொழுந்தன் அவருக்குப் போன் போட்டான். அவர் மதியம் வருவதாகச் சொல்லி, அதற்குள் இவன் செய்து வைக்க வேண்டியது எதையோ விளக்கினார் போலிருக்கிறது. "சரிங்கண்ணா, நானே எறக்கி வெச்சர்றேனுங்க" என்று இவன் சொன்னது என் காதில் விழுந்தது. பெட்டிதான் தரையில் நிற்கிறதே, இன்னும் எதை இறக்கப் போகிறான் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, அதை மறந்தே போனேன்.

கொழுந்தன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பின்கதவைக் கழற்றி வைத்தான். அந்த நேரம் பார்த்துத் துறையூர் ரோட்டில் ஒரு லாரி லைட் எரியாமல் நிற்கிறது என்று போன் வர, எதையோ சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

மதியம் மெக்கானிக் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். படியேறியதற்கே மூச்சு வாங்கினார். சர்க்கரை போடாமல் டீ கேட்டார். சூடாக ஒரு பஃப்ஸை நீட்டினேன், வேண்டாம் என்றார். நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறதாம், எண்ணெய்ப் பலகாரம் எதையும் தொடக்கூடாதாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு பஃப்ஸ் தின்றால் உயிரா போய்விடும் என்று கிண்டலாகக் கேட்டேன். அவரும் சிரித்தார்.

கொழுந்தனைத் தேடினார். லாரி வேலையாகப் போயிருப்பதைச் சொன்னேன்.

"எறக்கிட்டுத்தானே போனாரு?" என்றார்.

"காத்தாலயே எறக்கியாச்சுங்கண்ணா. நானே பக்கத்துல நின்னு பாத்தேனுங்க."

அவருக்கு அது போதுமானதாக இருந்தது. வாட்சையும் மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டார்ச்சோடு பெட்டிக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து கையை உள்ளே விட்டார். நான் பன் தட்டைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். வேலையில் கண் வைத்தபடி, பேச்சுக்குப் பேச்சாகத்தான் அடுத்ததைக் கேட்டார்.

"எதை வெச்சும்மா எறக்குனாரு?"

"கயித்த வெச்சுத்தானுங்க."

டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது.

"கயிறா?"

கயிறு பெட்டியை அறுத்துவிட்டது என்று குறை சொல்லப் போகிறார் என நினைத்தேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல தடிமனான கயிறுதான், அடியில் சாக்குக்கூடப் போட்டோம், எங்கேயாவது கீறல் இருந்தால் காட்டுங்கள் என்று மடமடவென்று பேசினேன். அவர் கையை மெல்ல, மிக மெல்ல வெளியே எடுத்தார். பின்னால் நகர்ந்து பிரட் வரும் பிளாஸ்டிக் கிரேட் மேல் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. நெஞ்சு வலியோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தேன்.

"நீ எதைம்மா எறக்குனதச் சொல்ற?"

"பெட்டியத்தானுங்க, வண்டியில இருந்து. ஏனுங்கண்ணா, நீங்க எதைக் கேட்டீங்க?"

அவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். பையிலிருந்து நீளமான ஸ்க்ரூடிரைவரையும் இரண்டு பக்கமும் கிளிப் வைத்த ஒயரையும் எடுத்தார். ஒரு கிளிப்பை டியூப்பைச் சுற்றியிருந்த இரும்புச் சட்டத்தில் மாட்டினார், இன்னொன்றை ஸ்க்ரூடிரைவர் கம்பியில். இடது கையைப் பேன்ட் பையில் விட்டுக்கொண்டார். டியூப்பின் மேல் தடித்த ஒயர் ஒன்று வந்து சேரும் இடத்தில் சிவப்பு ரப்பர் மூடி ஒன்று இருந்தது. அதன் அடியில் முனையை நுழைத்தார்.

டப் என்று வெடித்தது. நீலமாக ஒரு வெளிச்சம். என் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பிளக் என் காலடியில்தான் கிடந்தது. குனிந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன், ஒயரைத் தொட்டுக்கொண்டே சுவர் வரை போய் வந்தேன். எங்கும் எதிலும் மாட்டியிருக்கவில்லை. கரண்டே இல்லாத பெட்டியில் கரண்ட் எங்கிருந்து வந்தது? அவர் கொஞ்சம் பொறுத்து மறுபடி முனையை வைத்தார். இந்த முறை சின்னதாக ஒரு சத்தம். மூன்றாவது முறை ஒன்றும் இல்லை.

"இதைத்தாம்மா எறக்கியாச்சான்னு கேட்டேன்" என்றார்.

பிளக்கைப் பிடுங்கினாலும் அந்த டியூப் ஆயிரக்கணக்கான வோல்ட்டை நாள் கணக்கில் உள்ளேயே பிடித்து வைத்திருக்குமாம். அதை வெளியேற்றுவதற்கு அவர்கள் தொழிலில் 'இறக்குவது' என்று பேர். எங்கள் ஊரிலோ லோடு இறக்குவது ஒன்றுதான் இறக்குவது. அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த ஸ்டென்ட் நினைப்பு வந்தது. ஒரு பஃப்ஸில் உயிரா போய்விடும் என்று சிரித்தவள், அரை மணி கழித்து ஒரே சொல்லில் அவரை அனுப்பி வைக்கப் பார்த்திருக்கிறேன். அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

அவர்தான் என்னைத் தேற்றினார். யார் இறக்கிவிட்டேன் என்று சொன்னாலும் தானும் ஒருமுறை இறக்கிவிட்டுத்தான் கை வைப்பது வழக்கமாம். நீ பக்கத்தில் நின்று பார்த்ததாகச் சொன்னாயே, அதில் நம்பிவிட்டேன் என்றார். அது எனக்கு இன்னும் வலித்தது. பிறகு, அந்த பஃப்ஸை எடு என்று அவரே கேட்டு வாங்கிப் பாதி தின்றார்.

பொழுது சாயக் கொழுந்தன் ஒயர்ச் சுருளோடு வந்து இறங்கினான். வந்ததும் வராததுமாக, "எறக்கியாச்சுங்களா?" என்றான். மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை வாயில் வந்தபடி திட்டினேன். லாரியைப் பார்த்துவிட்டு, டியூப்பை இறக்கத் தடித்த ஒயரும் எடுத்துவரலாம் என்றுதான் போனானாம், யாரையும் தொட விடாதீர்கள் அண்ணி என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினானாம். எனக்குக் கேட்ட ஞாபகமே இல்லை. சொன்னானா, வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லையா என்பது இன்றுவரை எங்கள் வீட்டில் தீராத வழக்கு.

அப்புறம் போர்டை எட்டுவதற்காக இரண்டு பேருமாக டியூப்பை வெளியே எடுத்தார்கள். அதன் கழுத்துப் பக்கம் லேசில் உடைந்துவிடும் என்று அங்கே கை வைக்கவே இல்லை, திரைப்பக்கத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார்கள். போர்டில் விட்டுப்போயிருந்த ஈயப் பற்றைச் சூடு வைத்துச் சேர்த்ததும் அந்த வெள்ளைக் கோடு விரிந்து முழுப் படமாகிவிட்டது. இப்போது கடையில் அதற்கு நல்ல கூட்டம். மெக்கானிக்கும் நாமக்கல் பக்கம் வரும்போதெல்லாம் வந்து சர்க்கரை இல்லாத டீ குடித்துவிட்டுப் போகிறார்.

மைதா மூட்டை கொண்டுவரும் வண்டிக்காரர், இறக்கிவிடலாமா என்று கேட்டால் நான் உடனே சரி சொல்வதில்லை. "எதைங்க?" என்கிறேன். மூட்டையைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று சிரிக்கிறார், எனக்கு 'எதைங்க அக்கா' என்று பேரே வைத்துவிட்டார். அவர் சிரிக்கட்டும். அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு சொல்லை மெக்கானிக்கும் கேட்காமல் விட்டிருந்தால், எங்கள் கடைப்படி ஏறி வந்தவர் தன் காலால் இறங்கிப் போயிருக்க மாட்டார்.